பதினொரு மேசை விரிப்புகள்

தெருவில் யார் காலில் ஆணி குத்தினாலும், எந்தப் பிள்ளை மாடிப்படியில் உருண்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்டாலும், முதலில் போய் நிற்பது சிஸ்டர் வீட்டு வாசலில்தான். இருபத்தெட்டு வருடம் ராணுவ மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. காலை வேளைகளில் மட்டும் பக்கத்துத் தெரு கிளினிக்கில் கட்டுப் போடும் அறையைப் பார்த்துக்கொள்கிறார். கை பஞ்சு மாதிரி. வாய் அதற்கு நேர் எதிர். "ரெண்டு நாளா என்ன வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்தே? சீழ் வெச்சப்புறம்தான் என் ஞாபகம் வருமா?" என்று திட்டிக்கொண்டேதான் புண்ணைக் கழுவுவார். வந்தவர்களும் திட்டைக் கேட்கிற சுவாரசியத்தில் வலியை மறந்துவிடுவார்கள்.

அவருக்கே இப்போது வலது தோளில் இரண்டு மாதமாகக் குடைச்சல். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. கணவர் வற்புறுத்தலின் பேரில் ராணுவ மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தார். இளம் டாக்டர் ஒருவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"மேடம், உள்ள பயறு சைஸ்ல ஒரு இரும்புத் துண்டு இருக்கே. எப்பவாவது ஆக்சிடென்ட் ஆச்சா?"

"ஆக்சிடென்ட் இல்ல டாக்டர். ஷெல் வெடிச்சுத் தெறிச்சது. நாப்பத்தோரு வருஷம் ஆச்சு. அதை எடுக்கப் போனா நரம்பு போயிடும்னு அப்படியே விட்டுட்டாங்க."

டாக்டர் கணினித் திரையில் எதையோ தேடினார். "உங்க சர்வீஸ் ரெக்கார்டுல நீங்க எந்தப் போருக்கும் போகலையே மேடம். காயம்னும் ஒண்ணும் பதிவு இல்ல. நான் ஆக்சிடென்ட்னே போட்டுக்கறேனே, என்ன இப்போ?"

"போடாதீங்க" என்றார் சிஸ்டர். அந்த ஒரு சொல்லைக் கேட்டு வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. கணவருக்குக் கைக்கடிகாரம் பழுது பார்க்கிற தொழில். வீட்டின் முன்னறைதான் கடை. ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தவர், செருப்பு கழன்று விழுந்த சத்தத்திலேயே விஷயத்தின் கனத்தைப் புரிந்துகொண்டார்.

"என்னாச்சும்மா?"

"நான் போருக்கே போகலையாங்க. தோள்ல இருக்கறது என்னவோ நான் படியில விழுந்து சம்பாதிச்சதாம்."

"பதக்கம் பதக்கம்னு நீ என்னிக்கும் கேட்டதில்லையே."

"இப்பவும் பதக்கத்தையா கேக்கறேன்? இல்லாததைப் போடச் சொல்லல. இருந்ததை இல்லைங்கறானே, அதைத்தான் தாங்க முடியல."

நடந்தது இதுதான். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. எல்லையிலிருந்து வெகு தூரத்தில் இருந்த பெரிய மருத்துவமனையில் வேலை. சண்டை தொடங்கிய மூன்றாவது வாரம் தலைமை டாக்டர் வார்டுக்குள் வந்து ஆறு நர்ஸுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "வண்டி நிக்குது, ஏறுங்க. ஆர்டர் பின்னாடியே வரும்" என்றார். ஏறினார்கள். ஆர்டர் பின்னாடி வரவே இல்லை. முன்னணியில் ஒரு பழைய தானியக் கிடங்கைக் கள மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். அங்கே தொண்ணூற்றேழு நாட்கள். ஒருநாள் பட்டப்பகலில் முற்றத்தில் ஷெல் விழுந்தது. ஜீப் டிரைவர் அங்கேயே போய்விட்டான். பத்தடி தள்ளி வாளியோடு நின்றிருந்த சிஸ்டருக்குத் தோளில் சில்லு ஏறியது. கம்பவுண்டர் மரத்துப்போக ஊசிகூடப் போடாமல் தையல் போட்டார். மறுநாள் சிஸ்டர் இடது கையால் மற்றவர்களுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த பிறகு வேறு ஊருக்கு மாற்றல், பிறகு கல்யாணம், பிறகு ஊர் ஊராக வேலை. போர்ப் பதக்கமும் காயப் பதக்கமும் யார் யாருக்கோ வந்தன. தனக்கும் என்றைக்காவது வரும் என்று முதலில் நினைத்தார். அப்புறம் அதை மறந்தே போனார். தான் அங்கே போனதற்கே பதிவு இல்லை என்பது மட்டும் அவர் கனவிலும் நினைக்காதது.

விண்ணப்பம் போட்டார். விடுபட்ட பதக்கங்களைப் பணிப்பதிவேட்டில் சேர்க்கக் கோரும் படிவம், எட்டுப் பக்கம். நான்காம் பக்கத்தில் 'மனைவியின் பெயர்' என்று ஒரு கட்டம். ராணுவத்தில் இருந்தவர் என்றால் ஆண் என்று அச்சடித்தவன் தலையில் ஏறியிருந்தது. சிஸ்டர் கட்டத்தை வெறுமனே விட்டார். ஐந்து வாரம் கழித்துப் படிவம் திரும்பி வந்தது: 'மனைவியின் பெயர் நிரப்பப்படவில்லை.'

"என் பேரைப் போட்டுடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றார் கணவர்.

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு, இல்ல?"

வேறு வழி தெரியாமல் கணவர் பெயரையே எழுதி அனுப்பினார். ஆறு வாரம் கழித்து மறுபடி வந்தது: 'மனைவியின் பெயர் ஆண் பெயராக உள்ளது. விளக்கம் தேவை.' விளக்கம் எழுதினார். தான் பெண் என்றும், அரசாங்கம் தன்னைப் பெண் என்று தெரிந்துதான் வேலைக்கு எடுத்தது என்றும், மருத்துவச் சான்று வேண்டுமானால் அதையும் அனுப்பத் தயார் என்றும் இரண்டு பக்கம். கடைசி வரியைக் கணவர் கெஞ்சி நீக்கவைத்தார். மூன்றாவது முறை வந்த பதிலைப் படித்துவிட்டுத்தான் சிஸ்டர் சமையலறையில் ஒரு டம்ளரைச் சுவரில் எறிந்தார். 'விடுபட்ட பதக்கத்தின் நகல் இணைக்கப்படவில்லை.'

"குடுக்காத பதக்கத்துக்கு நகல் எங்கேருந்துங்க எடுக்கறது? இவங்களுக்கு எழுதறதும் செவிடன் காதுல சங்கு ஊதறதும் ஒண்ணுதான். நேர்ல போறேன்."

ஆவண அலுவலகம் ஐந்து மணி நேர ரயில் பயணத்தில் இருந்தது. நீண்ட தாழ்வாரம், இருபுறமும் கூரை வரைக்கும் இரும்பு அலமாரிகள், பழைய காகிதத்தின் நெடி. விசாரணை ஜன்னலில் கண்ணாடிக்குக் கீழே இடுப்பு உயரத்தில் ஓர் ஓட்டை. பேச வேண்டுமென்றால் குனிந்தாக வேண்டும். ஓய்வு பெற்றவர்களுக்கென்றே இருக்கும் ஆபீஸில் முதுகு வளையாதவன் பேசவே முடியாதபடி ஜன்னல் வைத்தவனைச் சிஸ்டர் மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு, குனியாமல் கண்ணாடியைத் தட்டினார்.

உள்ளே இருந்த குமாஸ்தாவுக்கு நாற்பது வயதிருக்கும். கெட்டவர் இல்லை. ஈரப் பஞ்சில் விரலை ஒற்றி ஒற்றித் தாள்களைப் புரட்டுகிற நிதானமான மனிதர். "தபால்ல பதில் வரும்மா" என்றார். "மூணு தடவை வந்துச்சு. அதான் வந்திருக்கேன்" என்றார் சிஸ்டர். மதியம் வரை பெஞ்சைவிட்டு நகரவில்லை. வருகிற போகிற ஒவ்வொருவரிடமும் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு மணிக்குக் குமாஸ்தா எழுந்து போய்க் கோப்பை எடுத்துவந்தார்.

"பாருங்கம்மா. பதக்கம்ங்கற பத்தியில நீண்ட காலப் பணிக்கான பதக்கம் ஒண்ணுதான். நீங்க முன்னணிக்குப் போனதா ஒரு பேப்பரும் இல்ல."

"பேப்பர் இல்லைன்னா நான் போகலைன்னு அர்த்தமா?"

"பேப்பர் இல்லைன்னா பேப்பர் இல்லைன்னு அர்த்தம். அதுக்கு மேல எனக்கு என்னம்மா தெரியும்?"

தலைகீழாகப் பிடித்திருக்கும் நோயாளிக் குறிப்பை எதிரே நின்றபடியே படிப்பது எந்த நர்ஸுக்கும் கைவந்த கலை. சிஸ்டரின் கண் கண்ணாடி வழியாகத் தாளின் அடிப்பகுதிக்குப் போனது.

"அந்தக் கடைசிப் பத்தியில என்ன எழுதியிருக்கு? வாய்விட்டுப் படிங்க."

குமாஸ்தா தயங்கினார். "அது... தண்டனைப் பத்திம்மா. ஒரு எச்சரிக்கை. 'அதிகாரிகள் உணவுக்கூடத்தைச் சேர்ந்த மேசை விரிப்புகள் பன்னிரண்டை உரிய அனுமதியின்றி எடுத்துக் கிழித்தமைக்காக எழுத்து மூலம் எச்சரிக்கப்பட்டார்.'"

"பதினொண்ணு!" என்று சிஸ்டரின் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். அப்புறம்தான் மூளை வேலை செய்தது. "இடத்தைப் படிங்க. தேதியைப் படிங்க."

குமாஸ்தா படித்தார். இடம், முன்னணிக் கள மருத்துவமனை. தேதி, சண்டை நடந்த இரண்டாம் மாதம்.

தானியக் கிடங்கில் நான்காவது வாரமே கட்டுத் துணி தீர்ந்துபோயிருந்தது. சரக்கு வரும் வழியில் இருந்த பாலம் தகர்ந்துபோயிருந்தது. உணவுக்கூடப் பெட்டியில் இஸ்திரி போட்டு அடுக்கிய வெள்ளை விரிப்புகள் சும்மா கிடந்தன. சிஸ்டர் பூட்டிய பெட்டியை நெம்பித் திறந்து, கத்தரிக்கோல்கூடத் தேடாமல் பல்லால் விளிம்பைக் கடித்து நீள நீளமாகக் கிழித்தார். ஸ்டோர் அதிகாரி அதற்கு மெமோ கொடுத்தது நினைவிருந்தது. அந்த மெமோ மூன்று பிரதியில் பதிவுத் தபாலில் தலைமை அலுவலகம் வரை போய்ப் பத்திரமாகத் தன் கோப்பில் ஏறியிருக்கும் என்பது இப்போதுதான் தெரிந்தது. போனதற்கு ஆதாரம் இல்லை. போன இடத்தில் வாங்கிய திட்டுக்கு முத்திரையோடு ஆதாரம்!

"அங்க போகாத ஆளுக்கு அங்க எப்படிங்க மெமோ குடுப்பாங்க? இதைவிட என்ன சாட்சி வேணும் உங்களுக்கு?"

குமாஸ்தா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல அவர் முகம் மலர்ந்தது. "அட, நீங்க சொல்றது சரிதாம்மா! நீங்கதான் அங்க இல்லையே. அப்ப இது தப்பான பதிவு. வேற யாருக்கோ போக வேண்டியது உங்க ஃபைல்ல ஏறியிருக்கு. ஒரு மனு எழுதிக் குடுங்க, இதை எடுத்துடலாம். உங்க ரெக்கார்டும் சுத்தமாயிடும்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்றால் இதுதான். சிஸ்டரின் குரல் தாழ்வாரத்தின் அந்தக் கோடி வரை கேட்டது.

"அதுல கை வெச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்! எங்கிட்ட இருக்கற ஒரே சொத்து அந்த எச்சரிக்கை. அதையும் துடைச்சுட்டு என்னைச் சுத்தமா அனுப்பப் பாக்கறீங்களா?"

சத்தம் கேட்டுப் பிரிவின் தலைவி உள்ளேயிருந்து வந்தார். கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கிய, அதிகம் பேசாத பெண்மணி. கோப்பை வாங்கி இரண்டு முறை படித்தார். உதட்டோரம் லேசாக இழுத்துக்கொண்டது. சிரிப்பை அடக்கினாரோ என்னவோ.

"இந்த மெமோவுல கையெழுத்துப் போட்டவர், நீங்க அங்க இருந்தீங்கன்னு எழுதிக் குடுத்தா போதும். பதிவும் சாட்சியும் ஒத்துப்போனா நான் சேர்த்துடுவேன். அவர் உயிரோட இருக்காரான்னு உங்க சங்கத்துல விசாரிங்க."

"அவரா?" என்றார் சிஸ்டர். அதுவரை இருந்த வீராப்பெல்லாம் இறங்கிவிட்டது.

அந்த ஸ்டோர் அதிகாரிக்கு நர்ஸுகள் வைத்திருந்த பெயர் பூதம். புதையல் காக்கிற பூதம் மாதிரி ஒரு சோப்புக் கட்டிக்குக்கூட மூன்று கையெழுத்துக் கேட்பார். நாற்பத்தொரு வருடத்தில் சிஸ்டர் அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் விசாரித்ததில் மனிதர் இருப்பது தெரிந்தது. எண்பத்து நான்கு வயது. இதே ஊரில், நாலு பஸ் நிறுத்தம் தள்ளி, மகள் வீட்டில்.

"கிணறு வெட்டினா பூதம் கிளம்பும்னு சும்மா சொல்லுவாங்க. உனக்கு நெஜமாவே கிளம்பிடுச்சு" என்றார் கணவர்.

"நான் போய் அந்த மனுஷன்கிட்ட கையேந்தணுமா?"

"நானும் வரேன். நீ பேசு, நான் உன் கையைப் பிடிச்சுக்கறேன். அடிச்சுகிடிச்சு வெச்சா என்ன பண்றது?"

சனிக்கிழமை மத்தியானம் போனார்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. மகள் கதவைத் திறந்து உள்ளே கூட்டிப்போனார். பெரியவரின் அறையில் ஒவ்வொரு ஸ்விட்சுக்குக் கீழேயும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஆணிகளில் சாவிகள் எண் போட்டுத் தொங்கின. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் சிஸ்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"உட்காருங்க சிஸ்டர். பன்னெண்டு மேசை விரிப்பு."

"பதினொண்ணு."

"ரெக்கார்டுல பன்னெண்டு."

"ரெக்கார்டுல நான் அங்க இல்லவே இல்லைன்னுகூடத்தான் இருக்கு. அதுக்குத்தான் வந்திருக்கேன் சார்."

கணவர் அவர் முழங்கையை மெல்லத் தொட்டார். சிஸ்டர் மூச்சை இழுத்துவிட்டு, எக்ஸ்ரேயில் தொடங்கிக் குமாஸ்தா வரை எல்லாவற்றையும் சொன்னார். பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், "நீங்க செஞ்சது தப்பு" என்றார். "அனுமதி கேட்டிருக்கணும்."

"கேட்டேன். மூணு தடவை கேட்டேன். சாவி பெரிய ஆபீசர்கிட்ட இருக்குன்னீங்க."

"இருந்தது."

"அங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் கிடந்தான் சார். சாவி வர்ற வரைக்கும் ரத்தத்தை நிக்கச் சொல்லட்டுமா?"

பெரியவர் ஆணியில் தொங்கிய சாவிகளைப் பார்த்தார். மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நிற்பதா போவதா என்று தெரியாமல் வாசலில் நின்றார். பெரியவர் வேறு குரலில் பேசினார்.

"பதினொண்ணுதான். பன்னெண்டாவதை நான் எடுத்தேன்."

"என்ன சார்?"

"ஷெல் விழுந்த அன்னிக்கு. அந்த டிரைவர் பையன். போர்வையெல்லாம் காயம்பட்டவங்களுக்கே போதல. அவனைச் சும்மா மண்ணுல வைக்க எனக்கு மனசு வரல. பெட்டியில மடிப்புக் கலையாம ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. அதுல சுத்தித்தான் வெச்சேன். அப்புறம் கையிருப்பு எழுத உக்காந்தேன். ஸ்டோர் அதிகாரியே ஸ்டோர்லேருந்து எடுத்தேன்னு எழுதத் தைரியம் வரல. உங்க பேர்ல ஏற்கெனவே பதினொண்ணு இருந்தது. கூட ஒண்ணு சேர்த்துட்டேன்."

சிஸ்டருக்குக் கண் கலங்கவில்லை. முதலில் பொங்கியது எரிச்சல்தான். நாற்பத்தொரு வருடமாக இந்த மனிதர் ஒரு கல்நெஞ்சன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! இப்போது அதையும் நிம்மதியாகச் சொல்ல விடமாட்டேன் என்கிறாரே.

"உங்களுக்கே இது நியாயமா இருக்கா சார்?"

"இல்ல."

இல்லை என்று ஒப்புக்கொள்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? சிஸ்டர் தண்ணீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"அதையும் சேர்த்து எழுதித் தரேன். பன்னெண்டைப் பதினொண்ணுன்னு திருத்திக்கலாம்" என்றார் பெரியவர்.

"ஐயோ, வேண்டவே வேண்டாம்! ஒரு எண்ணைத் திருத்தச் சொன்னா, அந்தக் குமாஸ்தா இதுதான் சாக்குன்னு பத்தியையே அழிச்சுடுவார். பன்னெண்டாவே இருக்கட்டும். அந்தப் பையனுக்கு நானே குடுத்ததா இருந்துட்டுப் போகட்டும்."

பெரியவர் மகளிடம் தாள் கேட்டார். கார்பன் தாள் வைத்து அழுத்தி மூன்று பிரதி எழுதினார். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை இந்த நர்ஸ் முன்னணிக் கள மருத்துவமனையில் பணியாற்றினார். என் உத்தரவை மீறியதால் அவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஷெல் விழுந்ததில் அவருக்கு வலது தோளில் காயம் பட்டது. அந்தக் காயத்துக்குக் கட்டியிருந்ததும் மேற்படி மேசை விரிப்பின் துணியே என்பதை நேரில் பார்த்தேன். எழுதி முடித்து, ஒவ்வொரு பிரதியின் மூலையிலும் எண் போட்டு, வாங்கிக்கொண்டதற்குச் சிஸ்டரிடம் கையெழுத்தும் கேட்டார்.

"மாறவே மாட்டீங்களா சார்?" என்று சொல்லிக்கொண்டே சிஸ்டர் கையெழுத்துப் போட்டார்.

அதோடு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. மருத்துவக் குழு ஒன்று எக்ஸ்ரேயை நான்கு மாதம் வைத்துக்கொண்டது. நடுவில் ஒரு கடிதம் வந்தது. அதில் சிஸ்டரைக் 'காலஞ்சென்றவர்' என்று குறிப்பிட்டிருந்தார்கள். தொலைபேசியில் கூப்பிட்டுத் தான் இன்னும் சாகவில்லை என்று தெரிவித்தார். அதை எழுத்து மூலம் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினார். எட்டாவது மாதம், கிளினிக்கிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருக்கும்போது தபால்காரர் ஒரு கனமான உறையோடு வந்தார். திருத்தப்பட்ட பணிப்பதிவேட்டின் நகல். பதக்கப் பத்தியில் இப்போது மூன்று வரிகள். அட்டைப் பெட்டிக்குள் இரண்டு பதக்கங்கள் பஞ்சில் புதைந்து கிடந்தன.

கணவர் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலைப்பாடு சுமார்தான்" என்றார். "குத்திக்கிட்டுப் பாரேன்."

சிஸ்டர் வீட்டுப் புடவையில் அவற்றைக் குத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். ஒரு நிமிடம்கூட இருக்காது. கழற்றித் திரும்பப் பெட்டியில் வைத்தார். பதிவேட்டின் நகலைத்தான் நான்கு முறை படித்தார். மறுநாளே அதை எடுத்துக்கொண்டு இளம் டாக்டரிடம் போய், 'விபத்து' என்று எதுவும் எழுதவில்லையே என்று உறுதி செய்துகொண்டு, தோளுக்கு ஊசியும் போட்டுக்கொண்டு வந்தார்.

அன்று மாலைதான் உறைத்தது. அந்த வண்டியில் ஏறியவர்கள் ஆறு பேர். இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள், இரண்டு பேர் எங்கே என்று தெரியாது. ஒருத்தி மட்டும் இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில், மகனோடு இருந்தாள். கூப்பிட்டார்.

"உன் ரெக்கார்டைப் பார்த்தியாடி?"

"எனக்கெதுக்குக்கா இப்ப அதெல்லாம்? முட்டிவலியே பெரும்பாடா இருக்கு."

"எதுக்கா? நீ அங்க மூணு மாசம் அரிசி பொறுக்கிக்கிட்டா இருந்தே? திங்கட்கிழமை ரயிலுக்கு வந்து சேரு. வாயைத் திறக்காதே, கூட நின்னா போதும்."

திங்கட்கிழமை ஆவண அலுவலகத்தின் கண்ணாடி மறுபடி தட்டப்பட்டது. குமாஸ்தா நிமிர்ந்தார், சிஸ்டரைக் கண்டதும் விரலிலிருந்த தாள் நழுவியது. ஆனால் மனிதர் இந்த முறை விவரமாகவே இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவராகவே போய் இரண்டாமவரின் கோப்பைக் கொண்டுவந்து, நேரே கடைசிப் பத்திக்குப் போனார். உதட்டைப் பிதுக்கினார்.

"இவங்க பேர்ல எச்சரிக்கை ஒண்ணும் இல்லையேம்மா. ஏதாவது கிழிச்சாங்களா? உடைச்சாங்களா? யாரையாவது திட்டினாங்களா?"

"இவளா? இவ ரொம்ப நல்ல பொண்ணுங்க. யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டா."

"அப்ப கஷ்டம்மா" என்றார் குமாஸ்தா, உண்மையான வருத்தத்தோடு.

சிஸ்டர் பையிலிருந்து தன் பணிப்பதிவேட்டின் நகலை எடுத்து ஓட்டை வழியாக உள்ளே தள்ளினார். "ஒரு கஷ்டமும் இல்ல. நான் அங்க இருந்தேன்னு இப்ப உங்க ஆபீஸே சொல்லுது. இவ எனக்குப் பக்கத்துக் கட்டில். ஒரு வெள்ளைத் தாள் குடுங்க, சாட்சி நான் எழுதறேன்."